மேஜைக்கு முதுகு, கட்டிலுக்கு வயிறு

வேலூர் சத்துவாச்சாரியில வீடு கட்டின என் பேராண்டிக்கு ஒரு ரூம் மிச்சமாயிட்டுதாம். கேக்கவே வயிறு குளுந்து போச்சு. நாங்கல்லாம் ஒரே கூரைக்கு அடியில ஆளுக்கு ஒரு மூலை கெடைக்குமான்னு பாத்தவங்க. இவனுக்கு ரூமே மிச்சம். பத்துக்குப் பதினொண்ணு. அதுல கம்பெனி வேலையும் பாக்கணுமாம், சொந்தக்காரங்க வந்தா படுக்கவும் வெக்கணுமாம். இதுக்கு டை கட்டின ஒரு தம்பி வந்து, லேப்டாப்ல படம் போட்டுக் காட்டி, ரெண்டேகால் லட்சம் சொல்லிட்டுப் போயிருக்கான். படத்துல சுவத்துக்குள்ளேருந்து கட்டில் எறங்குது. கட்டில் ஏறினா அதுக்குப் பின்னாலேருந்து மேஜை எறங்குது. மேஜை மேல ஒரு செடி வேற. சொந்தக்காரங்க மட்டும்தான் படத்துல இல்ல. இருந்திருந்தா அந்தச் செடி மேல ஈரத் துண்டு காஞ்சினு இருக்கும்.

பேராண்டி, நீ படிச்சவன். நான் ஆம்பூர் பக்கத்துத் துத்திப்பட்டுக்காரன், ஷூ கம்பெனியில கட்டிங் டேபிளாண்ட நின்னே முடி நரைச்சவன். எனக்குத் தெரிஞ்சது தோலு ஒண்ணுதான். அதை வெச்சே உன் ரூமைச் சொல்றேன், கேட்டுக்கோ.

தோலைச் சதுர அடியில வாங்குவாங்க. ஆனா வாங்கின சதுர அடி அல்லாம் ஒண்ணு இல்ல. முதுகு இறுக்கமா இருக்கும். வயித்துப் பக்கம் தளதளன்னு, இழுத்தா விரியும். கழுத்துல சுருக்கம். அங்கங்க உண்ணி கடிச்ச புள்ளி, முள்ளு கீறின கோடு, சூடு போட்ட தழும்பு. ஷூவோட முன்பக்கத் துண்டு, வேம்புன்னு சொல்வோம், அதை முதுகுலதான் வெட்டணும். நடக்கறப்ப மடங்கி மடங்கி நிமுர்றது அதுதான், பாக்கறவன் கண்ணு விழறதும் அதுலதான். உள்ள மறையற நாக்கு வயித்துல வந்தாப் போதும். முதுகுல நாக்கு வெட்டினவனை சூப்ரவைசர் அன்னிக்கே வண்டி ஏத்திடுவான். நீ இன்னா பண்ணப் பாக்கற? ரூமோட முதுகை எப்பவோ வர்ற விருந்தாளிக்கு வெட்டிட்டு, தெனம் ஒம்போது மணி நேரம் குந்தற உனக்கு வயித்தைக் குடுக்கப் பாக்கற. அதுக்கு ரெண்டேகால் லட்சம் கூலி வேற.

அதுக்கும் முன்னால, அந்த ரூம் நெஜமாவே மிச்சமா கீதான்னு பாரு. போன பொங்கலுக்கு வந்தப்ப எட்டிப் பாத்தேன். கதவு பாதிதான் தெறந்துச்சு. உள்ள கலைஞர் குடுத்த கலர் டிவி. அதை ஒட்டி அம்மா குடுத்த கிரைண்டர். அதுக்கு மேல அம்மா குடுத்த மிக்சியோட அட்டைப்பெட்டி. மிக்சி போயி வருசமாச்சு, பெட்டி மட்டும் பத்திரமா கீது. உன் காலேஜ் ரெக்கார்டு நோட்டுக் கட்டு. சீர்ல வந்து இன்னும் பிரிக்காத பால் குக்கர். ரெண்டு கட்சி ஆட்சியும் சண்டை இல்லாம குடியிருக்கற ஒரே எடம் தமிழ்நாட்டுலயே உன் ரூம்தான். டை கட்டின தம்பி கேக்கற காசுல பாதி, இந்தச் சாமானை மறைக்கறதுக்கு. அதுக்கு அவன் வார்ட்ரோப்புன்னு பேர் வெச்சிருக்கான். பழைய இரும்புக்காரனைக் கூப்புடு. அவன் காசு கேக்க மாட்டான், குடுத்துட்டுப் போவான். கிரைண்டரோட 2011 திட்டத்துல வந்த டேபிள் ஃபேன் ஓடுதுன்னா அதையும், அந்த ரெக்கார்டு நோட்டுக் கட்டையும் மட்டும் நிறுத்தி வை, வேலை கீது.

ஆபீசும் விருந்தும் ஒரே ரூம்ல நடத்தறது உங்க ஐ.டி.காரங்க கண்டுபுடிச்சதுன்னு நெனைக்காத. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பழைய தோல் முதலாளிங்க வீட்டுல வாசலை ஒட்டி திவான்கானா இருக்கும். பகல்ல கணக்குப்பிள்ளை சாய்வு மேஜையை மடிக்கு முன்னால இழுத்து வெச்சினு குந்திருப்பாரு. ஆவாரம்பட்டை கொண்டாந்த வண்டிக்காரனுக்குப் பட்டுவாடா, மெட்ராசு பெரியமேட்டு மண்டிக்குப் போற கட்டுக்குச் சீட்டு, அல்லாம் அங்கதான். பொழுது போனா மேஜையைச் சுவத்தோரம் தள்ளிட்டு ஜமக்காளத்து மேல மெத்தையை விரிச்சா, பேர்ணாம்பட்டு சம்பந்தி காலை நீட்டிப் படுத்துக்குவாரு. சாமான் கணக்கு மொத்தமே ஒரு மேஜை, ஒரு ஜமக்காளம், ஒரு மெத்தை, ரெண்டு திண்டு. 1973க்கு அப்பால, பாதி பதம் பண்ணின தோலை அப்படியே கப்பல் ஏத்தறதுக்கு சர்க்கார் கடிவாளம் போட்டுச்சு. முழுசா பதம் பண்ணி, ஷூவாத் தைச்சி அனுப்பற கம்பெனிங்க பெருகிச்சு. கம்பெனி வந்தா தனி ஆபீசு, ஆபீசு வந்தா சுத்தற நாற்காலி. காலியான திவான்கானாவுல சோபா செட்டு நொழஞ்சுது. சோபா நொழஞ்ச வீட்டுல விருந்தாளிக்குக் குந்த எடம் உண்டு, படுக்க எடம் இல்ல. விருந்தாளி சீக்கிரம் கெளம்பணும்னுதான் சோபாவைக் கண்டுபுடிச்சானோ இன்னாவோ.

அவ்ளோ தூரம் கூட போவ வேணாம். உன் வீட்டுலேருந்து ஆட்டோ புடிச்சா சி.எம்.சி. இன்னிக்கு அது இந்தியா பூரா தெரிஞ்ச ஆஸ்பத்திரி. 1900ல ஐடா ஸ்கடர் அம்மா அவங்க அப்பா வீட்டுல ஒரு ரூம்ல, ஒத்தக் கட்டிலோட ஆரம்பிச்சதுதான் அது. ரெண்டே வருசத்துல, 1902ல, 40 கட்டிலோட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழும்பிடுச்சு. அந்தம்மாவும் சுவத்துக்குள்ளேருந்து கட்டில் எறங்கினாத்தான் வைத்தியம் பாப்பேன்னு குந்தினு இருந்தா, வேலூர்ல கோட்டையும் வெயிலும்தான் மிஞ்சியிருக்கும்.

சரி, டேப்பை எடு. மொதல்ல ரூமுக்கு முதுகு எங்கன்னு கண்டுபுடி. ஜன்னலைப் பாத்துனு குந்தினா வெளிச்சம் கண்ணுல குத்தும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டினு குந்தினா மீட்டிங்ல உன் மூஞ்சி இருட்டாத் தெரியும். உன் மேனேஜருக்கு அது லாபம்தான், இருந்தாலும் வேணாம். வெளிச்சம் எடதுகைப் பக்கத்துலேருந்து வரணும், எழுதறப்ப கை நெழல் நோட்டு மேல விழாது. மேக்காலச் சுவத்தை ஒட்டிக் குந்தாத. சாயங்காலம் பூரா வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கும். இதல்லாம் கழிச்சிட்டு மிச்சம் நிக்கிற நாலடிச் சுவரு கீது பாரு, அதான் முதுகு. அங்க மேஜையைத் தவிர வேற எதையும் வெக்காத, சாமி படம் உட்பட.

மேஜை நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டரை அடி ஒசரம். அதுக்கு மேல வேணும்னா நீ கலெக்டரா போவணும். புதுசா பிளைவுட்டு வாங்க வேணாம். வீடு இடிச்ச கதவு ஜன்னல் விக்கிற கடையில போயி ஒரு ஃப்ளஷ் கதவைப் பாரு. தட்டிப் பாத்து வாங்கு, உள்ள காலியா இருந்தா சத்தமே சொல்லிடும். கதவு ஏழடிக்கு மூணடின்னு வை. ஒரு அடி அகலத்துக்கு நீளவாக்குல கிழிச்சிட்டா அது சுவத்துல ஷெல்பு. மீதியில நாலடி வெட்டினா மேஜை. கடைசியில விழற துண்டு மூணடிக்கு ரெண்டடி. அதைத் துணி தேய்க்கப் போடு, இல்ல கட்டிலாண்ட ஸ்டூல் அடி. வெட்டின ஓரத்துக்கு ஆசாரிகிட்ட ரீப்பர் அடிக்கச் சொல்லு, இல்லன்னா கையைக் கிழிக்கும். கட்டிங் டேபிள்ல எங்களுக்கும் இதான் பாடம். கீழ விழற துண்டுக்கு ஒரு வேலை சொல்லிட்டுத்தான் வெட்டற அச்சையே தோல் மேல வெப்போம்.

மடக்கு மேஜை நல்லதுதானே தாத்தான்னு கேப்ப. நல்லதுதான், மொதல் வாரம். ரெண்டாம் வாரம் அது மேல ஒரு டம்ளர், ஒரு சார்ஜர், ஒரு விபூதிப் பொட்டலம் குடி வந்துடும். மூணாம் வாரம் அதை மடக்கணும்னா பெரியவங்க கூடிப் பேசணும். தெனம் பொழங்கறது நின்னுனு இருக்கட்டும், எப்பவோ பொழங்கறது மடங்கட்டும். படத்துல அந்தத் தம்பி இதைத் தலைகீழாப் போட்டிருக்கான்.

காசு செலவு பண்ணியே ஆவணும்னு கை அரிச்சா நாற்காலியில பண்ணு. கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் சேர்ல குந்தி வேலை பாக்கறவன் சம்பாரிக்கறது எலும்பு டாக்டருக்குத்தான். பாதம் தரையில படியணும், முழங்கை மேஜை மட்டத்துக்கு வரணும், இடுப்புக்கு அணை இருக்கணும். வாங்கறதுக்கு முன்னால கடையிலயே அரை மணி நேரம் குந்திப் பாரு, கடைக்காரன் மொறைச்சா மொறைக்கட்டும். ஸ்க்ரீன் கண்ணு மட்டத்துக்கு ஏறணும்னா லேப்டாப்புக்கு அடியில அந்த ரெக்கார்டு நோட்டுக் கட்டை வை, தனி கீபோர்டு ஒண்ணு வாங்கிக்கோ. நாலு வருசம் எழுதினது இப்பவாவது உன்னை ஒசத்தட்டும்.

இப்ப வயித்துப் பக்கம் வா. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொன்னவன் வேலூர்ல வீடு கட்டினவன் இல்ல. இங்க விருந்தும் மருந்தும் ஒரே ஆட்டோவுல வந்து எறங்கும். திருவண்ணாமலை சித்தப்பாவுக்கு முட்டி. சித்தூர் பெரியம்மாவுக்கு தைராய்டு. 'ஒரு ராத்திரிதான்டா, காத்தால காட்டிட்டுக் கெளம்பிடுவேன்'னு வருவாங்க. ஸ்கேனுக்கு வெள்ளிக்கெழமை தேதி குடுப்பாங்க, ரிப்போர்ட்டுக்குத் திங்கக்கெழமை, மறுபடி டாக்டரைப் பாக்க புதன்கெழமை. அதுக்குள்ள உன் வீட்டுப் பால்காரன் அவங்களைக் கேட்டுட்டுத்தான் பால் ஊத்துவான். ஆம்பூர்ல வீடு வெச்சிருக்கறவன் பாடு வேற தினுசு. மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் நடுவால, ஹைவே மேலயே ஊரு. ரெண்டு பக்கத்துலேருந்தும் கார் வந்து நிக்கும். ஏலகிரிக்குப் போறோம், அப்படியே உங்களையும் பாத்துட்டுன்னு சொல்லும். சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் உள்ள போனதும் மலை மறந்து போயிடும். அவங்களுக்கு ஒரு கோரைப்பாய் போதும். அந்த மயக்கத்துல தரைன்னே தெரியாது. உன் விருந்தாளிங்க அந்த ஜாதி இல்ல. முட்டி மடங்காத மனுசனைத் தரையில படுக்க வெச்சா, எழுப்ப தெருவுல ஆளு கூட்டணும்.

அதனால ஒரு ஒத்தக் கட்டில். மூணடி அகலம், ஆறேகால் அடி நீளம், மெத்தையோட சேத்து ஒன்றரை அடி ஒசரம். ஆபரேசன் ஆனவங்க கையை ஊணாம எழுந்திரிக்க இந்த ஒசரம் வேணும். எப்பவோ பொழங்கறது மடங்கட்டும்னு சொன்ன கெழவன் இப்ப கட்டிலை நிறுத்தறானேன்னு மடக்காத. சுவத்தோரம் ரெண்டு திண்டு போட்டா மத்த நாள்ல அது உன் மதியச் சாய்வுக்கு. தெனம் பொழங்கற சாமான் கணக்குலதான் வருது. ரெண்டாவது ஆளு வந்தா மடக்கற நாடாக் கட்டிலு ஒண்ணு கதவுக்குப் பின்னால நிக்கட்டும்.

சோபா-கம்-பெட்டு மட்டும் வாங்காத. அது குந்தறப்ப கட்டிலு, படுக்கறப்ப சோபா. நடுவால ஒரு கம்பி ஓடும், அது சொல்லி வெச்சாப்ல பெரியம்மா இடுப்புக்கு நேரா வந்து நிக்கும். மறுநாள் தைராய்டோட இடுப்புக்கும் சேத்து சீட்டு போடுவாங்க, நீ புதன்கெழமைய மறந்துடலாம். மெத்தை இலவம்பஞ்சு போதும். மாசத்துக்கு ஒரு வாட்டி மொட்டை மாடியில காயப் போட்டுத் தட்டு. வேலூர் வெயிலால ஒரு நல்ல காரியமாவது நடக்கட்டும்.

விருந்தாளிக்கு செடி வேணாம். தலைமாட்டுல ஒரு பிளக் பாயிண்ட், ராத்திரிக்கு ஒரு சின்ன பல்பு, துண்டு மாட்ட ரெண்டு கொக்கி, ஷெல்புல ஒரு தட்டு காலியா, மாத்திரை வெக்க ஒரு டப்பா. குடிக்க கேன் தண்ணி ஒரு சொம்புல மூடி வை. குழாய்த் தண்ணியக் காட்டி 'எங்க பாலாத்துத் தண்ணி'ன்னு பெருமை பேசாத. தோல் கழிவால பாலாத்தை நாம பண்ண அலங்கோலத்துக்கு 1996ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு எழுதிச்சு. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட அந்தக் கேசை இன்னிக்கும் சட்டம் படிக்கற புள்ளைங்க பாடமாப் படிக்குதுங்க. நம்ம ஊரு பாடப் புஸ்தகத்துல ஏறின கதை அது.

இனிமேதான் பேஜாரு. அமெரிக்காக்காரன் ராத்திரி ஒம்போதுக்கு மீட்டிங் வெப்பான், பெரியம்மா எட்டரைக்கு லைட்டை அணைப்பாங்க. படத்துல நடுவால ஒரு திரை தொங்குது. திரை வெளிச்சத்தைத் தடுக்கும், கொறட்டையைத் தடுக்காது. 'யாரோ மியூட் பண்ணல'ன்னு அவங்க கேக்கறப்ப, பெரியம்மாவுக்கு அந்த பட்டன் இல்லன்னு இங்கிலீசுல எப்படிச் சொல்லுவ? விருந்தாளி படுத்துட்டா ரூம் அவங்களது, நீ ஹாலுக்கு வந்துடு. அதுக்கு இப்பவே ஏற்பாடு பண்ணிக்கோ. சாப்பாட்டு மேஜையாண்ட ஒரு பிளக் பாயிண்ட் போட்டுடு. நெட்டு டப்பாவை ரூம்ல வெக்காம ஹால்ல வை. இல்லன்னா நெட்டு நின்ன ராத்திரி நீ டார்ச் அடிச்சினு பெரியம்மா தலைமாட்டுல நிக்கணும், அவங்க எமன்னு நெனைச்சுக்குவாங்க. ஒரு பூட்ஸ் பெட்டி, நல்ல கெட்டி அட்டையாப் பாத்து நான் தரேன். ஆம்பூர்க்காரன்கிட்ட ஷூ பெட்டிக்கா பஞ்சம்? சார்ஜர், மவுஸ், ஹெட்செட்டு, ஆபீஸ் அட்டை அல்லாம் தெனம் வேலை முடிஞ்சதும் அதுக்குள்ள போவணும், விருந்தாளி இல்லாத நாள்லயும். ஆட்டோ சத்தம் கேட்டதும் பெட்டியைத் தூக்கினு வெளிய வரணும். மேஜைக்கு ஒரு பூட்டு டிராயர் வை. பெரியம்மாவோட பேரப்புள்ளைங்க வந்தப்பால ஏன் சொன்னேன்னு தெரியும்.

வெயிலுக்கு உடனே ஏ.சி.க்கு ஓடாத. 40 டிகிரியைத் தாண்டற ஊருதான், ஒத்துக்கறேன். மொதல்ல மேல மொட்டை மாடிக்கு வெள்ளையடி, ஜன்னல் மேல ஒரு தட்டி கட்டு. சீலிங் ஃபேன் பழசுன்னா அது 75 வாட்டு பக்கம் இழுக்கும்; இப்ப வர்ற பி.எல்.டி.சி. ஃபேன் அதுல பாதிகூட இழுக்காது. நீ நாளெல்லாம் ரூம்ல குந்தறவன், கரண்டு பில்லுல அது தெரியும். வீட்டுல ஆபீசு வெச்சா ஈ.பி.காரன் கடைக் கணக்கு போடுவான்னு பக்கத்து வீட்டுக்காரரு பயமுறுத்தினாராம். டாக்டர், வக்கீலுங்க வீட்டை ஒட்டி 200 சதுர அடிக்குள்ள வெச்சிக்கற ரூமையே வீட்டுக் கணக்குல விடற ஊரு இது. உன் ரூம் 110. நீ லேப்டாப்பு தட்டறதுக்கு எவனும் வந்து மீட்டரைக் கழட்ட மாட்டான்.

கடைசியா உன் மச்சான் சொன்ன யோசனைக்கு வரேன். சொந்தக்காரங்க வராத நாள்ல ரூமை ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமாம். பாபுராவ் தெருவுல லாட்ஜு போர்டு பெங்காலியில தொங்கறதைப் பாத்துட்டு வந்த யோசனை. வெளிநாட்டுக்காரங்களைத் தங்க வெச்சா, லாட்ஜானாலும் வீடானாலும், 24 மணி நேரத்துக்குள்ள சர்க்கார்ல பதியணும். பங்களாதேஷ்லேருந்து வந்தாலும் வெளிநாடுதான், மீன் கொழம்பு நல்லா வெக்கறாங்கன்னு சட்டம் விட்டுடாது. வாடகைன்னு எறங்கினா நான் சொன்ன ஈ.பி. கணக்கும் மாறினாலும் மாறும். உனக்கு ரூம்ல ஆபீசு வேணுமா, ஆபீசுல லாட்ஜு வேணுமான்னு மச்சானோட குந்திப் பேசு. பேச்சுக்கு நானும் வரட்டுமான்னு கேக்காத, வருவேன்.

டை கட்டின தம்பிக்கு அட்வான்ஸ் குடுத்துடாத. கதவு, கட்டில், நாற்காலி, ஃபேன் மட்டும் வாங்கி எறக்கு. எறக்கினதும் யாரையும் கூப்புடறதுக்கு முன்னால, ஒரு ராத்திரி நீயும் உன் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி அந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்க. கொசு எந்தப் பக்கத்துலேருந்து வருது, தெரு லைட்டு எந்தக் கண்ணுல அடிக்குது, பாத்ரூமுக்குப் போற வழியில நாற்காலிச் சக்கரம் கால்ல இடிக்குதான்னு அன்னிக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சதைச் சரி பண்ணிட்டு எனக்கு ஒரு போன் போடு. ஷெல் கண்ணாஸ்பத்திரியில எனக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. மூணு நாளுதான்னு சொல்றாங்க.